கொடுக்காத மிஸ்டு கால்

தங்கமாரிக்குக் காசநோய் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் டாக்டர், அவர் இந்நேரம் மறந்திருப்பார். இன்னொருத்தி மஞ்சுளா.

மஞ்சுளாவை அவள் பார்த்ததே இல்லை. வாலாஜாபாத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆபீசில் உட்கார்ந்து போனில் பேசுகிறவள். ஏற்பாடு இதுதான்: மாத்திரை போட்டதும் ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மஞ்சுளாவின் கம்ப்யூட்டரில் தங்கமாரி பெயருக்கு நேரே பச்சை விழும். இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு விழுந்தவர்களை மட்டும் மஞ்சுளா சாயங்காலம் கூப்பிடுவாள்.

ஒருநாள் ஷிப்டுக்கு ஓடுகிற அவசரத்தில் தங்கமாரி மறந்துவிட்டாள். போன் வந்தது.

"இன்னாம்மா, மாத்திரை போட்டியா இல்லியா?"

"போட்டுட்டேன்க்கா. கால் குடுக்கத்தான் மறந்துட்டேன்."

"சாப்ட்டியா? குரல் ஏன் டல்லா கீது?"

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஒரகடத்துக் கம்பெனி வேலைக்கு வந்த நாளிலிருந்து அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஹாஸ்டலில் ஒருத்தி எழுந்து போனால் இன்னொருத்தி வந்து படுப்பாள். முகம் பார்க்க நேரமில்லை. மாத்திரை போடுவதால் நோய் இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்தான். இருந்தாலும், தெரிந்தால் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள். ஊரில், சங்கரன்கோவிலில், அம்மா மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் வாயே திறக்க முடியாது. அன்று மொட்டை மாடியில், துணி காய்கிற இடத்தில் நின்று தங்கமாரி அழுதாள், சந்தோஷத்தில்தான்.

பெண்ணுக்குப் புத்தி வேலை செய்தது. மறுநாளிலிருந்து மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாள். மிஸ்டு கால் மட்டும் கொடுக்கவில்லை. சாயங்காலமானால் மஞ்சுளா. அங்கே மழையா, கேன்டீனில் இன்றைக்கும் அதே சாம்பாரா என்று ஏதாவது பேசுவார்கள். உடம்பு தேறியது மாத்திரையாலா பேச்சாலா என்று தங்கமாரியைக் கேட்டால் பேச்சால்தான் என்பாள்.

போன வாரம் மஞ்சுளாவின் குரல் இறங்கியிருந்தது.

"இதான் கடைசி போன்மா. பணம் குடுக்கறவங்க வந்து பாத்துட்டு, உங்க ஏரியா பூரா செவப்பா கீதுன்னு நிறுத்திட்டாங்க. மாத்திரை கவர்மென்ட் ஆஸ்பத்திரில குடுப்பாங்க. நாங்கதான் இனிமே இல்ல."

"என் ஒருத்தியாலயாக்கா?"

"ஹாஸ்டல் பொண்ணுங்கதான் நிறைய. போன் பண்ணா மட்டும் எல்லாரும் போட்டுட்டேன்றீங்க. வாயால சொன்னா செவப்பு பச்சையா மாறாதும்மா."



"ஒருநாள்கூட விடலக்கா. நீங்க பேசுவீங்கன்னுதான் கால் குடுக்கல."



"லூசு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பச்சை வுழுந்தாலும் பேசியிருப்பேனே."

மஞ்சுளாவின் சொந்த நம்பரைக் கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தன்னால் வேலையைப் பறிகொடுத்தவளிடம் எந்த முகத்தோடு கேட்பது? உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி மஞ்சுளா வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை மாத்திரையை விழுங்கியதும் தங்கமாரி முதல் வேலையாக மிஸ்டு கால் கொடுத்தாள். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண் குரல். தமிழில் சொல்லி, இங்கிலீஷிலும் சொல்லி, அதுவாக ஓய்கிறவரை அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.