அரை மாத்திரை

என் மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கும் நாற்பத்திரண்டு வயது வரை தெரியாது. தொழிலாளர் மன்றத்தின் பின்னறையில் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அதற்கப்புறம் வீட்டுக்கு வரும் தாள் எல்லாம் என் கைக்குத்தான் வரும். தண்ணீர் ரசீதோ ஊரிலிருந்து வரும் கடிதமோ வைத்தியர் கொடுக்கும் சீட்டோ, எதுவானாலும் நான் வாசிப்பேன், அவள் கேட்பாள். நான் வாசித்தால் சரியாக இருக்கும் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையைத்தான் நாலு மாதமாகத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினேன்.

என் வேலை சாரம் கட்டுவது. கட்டடத்தைச் சுற்றி இரும்புக் குழாய்களை நிறுத்தி, கிளாம்பு போட்டு முறுக்கி, பலகை பரப்பிக் கொடுப்போம். மற்றவர்கள் அதில் நின்று பூசுவார்கள், வண்ணம் அடிப்பார்கள். கட்டும்போது நாங்கள் எதில் நிற்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் வேலையில் ஒரு சொல்தான் சட்டம். கீழ்த்தட்டில் இருப்பவன் குழாயை நெட்டுக்குத்தாக மேலே தூக்கித் தருவான். மேல்தட்டில் இருப்பவன் அதை இரண்டு கையாலும் பிடித்து, பாரம் தன் தோளுக்கு வந்த பிறகு, "ஆச்சு" என்பான். அந்தச் சொல் கேட்டால்தான் கீழே உள்ளவன் கையை விடுவான். விட்டதும் குனிந்து அடுத்த குழாயை எடுப்பான், மேலே பார்க்க மாட்டான். பார்க்க நேரமும் இல்லை, தேவையும் இல்லை. ஆச்சு என்றால் ஆச்சு.

எனக்குக் கீழே நின்றவன் என் மைத்துனன், மனைவியின் தம்பி. பதினோரு வருடமாக என் "ஆச்சு"வை நம்பிக் கையை விட்டவன்.

போன வருடக் கடைசியில் ஒட்டகம் விழுந்தான். ஆள் நெட்டை, அதனால் அந்தப் பெயர். ஐந்தாம் தட்டில் என் பக்கத்தில் நின்று, ஸ்பேனரைக் கேட்டுக் கை நீட்டினான். நான் திரும்பிக் கொடுப்பதற்குள் அந்த இடத்தில் ஆள் இல்லை. எங்களுக்கு அரை நாள் விடுமுறை கொடுத்தார்கள். மறுநாள் அவன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு புது ஆள் வந்து நின்றான். உள்பட்டையில் ஒட்டகத்தின் வியர்வைக் கறைகூடக் காயவில்லை. இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அதன்பின் ஏணியில் கால் வைத்தாலே நெஞ்சில் யாரோ கிளாம்பு போட்டு முறுக்கினார்கள். மூச்சு பாதியில் நிற்கும், உள்ளங்கை நனையும். மேஸ்திரியிடம் சொன்னேன்.

"பயமா? உனக்கா?" என்று சிரித்தார். "பயமா இருந்தா கீழ நின்னு கயிறு சுத்துய்யா. கீழ் வேலைக்குக் கீழ் கூலி, தெரியும்ல?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு ஏறினேன்.

அந்தச் சமயத்தில்தான் மனைவி, தான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். எலும்புக்குத் தகடு வைத்தார்கள். வீட்டுக்கு வரும்போது ஒரு பெட்டி மாத்திரை கொடுத்தார்கள். நீலக்கோடு போட்ட வெள்ளைப் பெட்டி. பலமான வலி மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

ஒரு நாள் தோள் வலிக்கிறது என்று அதில் ஒன்றைப் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் தோள் வலி போனதா என்பதே மறந்துபோனது. நெஞ்சில் இருந்த கிளாம்பு கழன்றிருந்தது. வெந்நீர்ப் பையை உள்ளே வைத்ததுபோல் இதமாக இருந்தது. ஒட்டகம் விழுந்ததை நினைத்துப் பார்த்தேன். நினைவு இருந்தது, குத்தவில்லை. ஏணியில் விசில் அடித்துக்கொண்டு ஏறினேன்.

அது நன்றாக இருந்தது. இதை மறைத்துச் சொன்னால் மீதி எல்லாம் பொய்யாகிவிடும். அவ்வளவு நன்றாக இருந்தது. எல்லோருக்கும் என்னைப் பிடித்தது. "இப்பதான்டா பழைய ஆளா வந்திருக்க" என்று மேஸ்திரி முதுகில் தட்டினார். "இப்பல்லாம் கொஞ்சம் சிரிக்கிறீங்க" என்று மனைவியும் சொன்னாள். படுத்த படுக்கையில் இருந்துகொண்டு சொன்னாள்.

பெட்டிக்குள் மடித்து வைத்த தாளை எடுத்து விரல் வைத்து வாசித்தேன். மயக்கம் தரும், உயரத்தில் வேலை செய்யக் கூடாது, பழக்கமாகிவிடும், மற்றவர் எடுக்கக் கூடாது என்று பொடி எழுத்தில் இருந்தது. எல்லாம் புரிந்தது. படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால், தெரியாமல் செய்தேன் என்றாவது சொல்லியிருப்பேன். வாசித்துவிட்டு, மடித்த மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தேன்.

அடுத்த முறை அவளுடைய சீட்டை வாங்கிப் பார்த்தபோது, "காலையில் அரை, ராத்திரி அரை" என்று வாசித்தேன்.

"குறைச்சிட்டாங்களா? இன்னும் வலிக்குதே," என்றாள்.

"அப்படித்தான் போட்டிருக்கு. அவங்களுக்குத் தெரியாததா?"

சீட்டில் "ஒன்று" என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

அரை அவளுக்கு, மீதி எனக்கு. அவள் துணியைக் கடித்துக்கொண்டு முனகுவது எனக்குக் கேட்டது, ஆனால் உறுத்தவில்லை. அந்த மாத்திரை பயத்தை மட்டும் பார்த்து எடுக்காது. கையில் அகப்பட்டதை எல்லாம் வாரிக்கொண்டு போகும்.

பிறகு ஒன்று போதவில்லை. மருந்துக்கடைக்காரர், "அம்மாவுக்கு இன்னுமா வலி?" என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். "ஆமாங்க, பாவம்" என்றேன். அவரும் பாவம் என்று சொல்லி எடுத்துக் கொடுத்தார். ஒரு வேளை தவறினால் கொட்டாவி, மூக்கில் தண்ணீர், காலில் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுப்பு. பயமோ முன்னைவிட மோசம். முன்பு சாரத்தில் மட்டும் இருந்தது, இப்போது கக்கூசுக்கும் கூடவே வந்தது. எதற்காக மாத்திரை போட்டேனோ அதையே மாத்திரை வளர்த்துக்கொண்டிருந்தது.

நேற்று காலை பத்து மணி. வெயில் நன்றாக இருந்தது, காற்று இல்லை. மூன்றாம் தட்டில் நான், இரண்டாம் தட்டில் மைத்துனன்.

"மாமா, பெருசு வருது. பார்த்துப் புடி," என்றான்.

"நீ தூக்கு மாப்ள, நான் என்ன நேத்துப் பொறந்தவனா?"

குழாயின் முனை மேலே வந்தது. அதை நோக்கி என் கை போவதையும் பார்த்தேன், வேறு யாருடைய கையோ போவதுபோல. பிடித்துவிடும் என்றுதான் தோன்றியது. அவசரம் ஏதும் தெரியவில்லை.

"ஆச்சு," என்றேன்.

அவன் கையை விட்டான்.

குழாய் என் விரலில்கூடப் படாமல் இறங்கியது. அவன் குனிந்துகொண்டிருந்தான். கழுத்துக்குப் பக்கத்தில் தோள்பட்டையில் இடித்து, பலகையில் ஊன்றியிருந்த அவன் இடது கையின் மேல் போய் நின்றது. முதலில் அவன் கத்தவே இல்லை. அண்ணாந்து என்னைப் பார்த்தான்.

"மாமா, ஆச்சுன்னியே," என்றான்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்திருந்தபோது மேஸ்திரி ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்தார். "என்ன நடந்துச்சுன்னு எழுதிக் குடு. நீ ஆச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடியே அவன் கைய விட்டுட்டான்னு எழுது. உனக்குத்தான் எழுத்து வருமே, நல்லதாப் போச்சு. உனக்கும் வம்பு இல்ல, கம்பெனிக்கும் வம்பு இல்ல." தாளை என் மடியில் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போனார்.

மனைவி இரண்டு ஊன்றுகோலை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். தம்பியைப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோள் எலும்பு முறிவு, இரண்டு விரல் போய்விட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை.

நர்ஸ் ஒரு பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "வீட்டு ஆள்தானே? சீட்டுல எழுதியிருக்கு, வேளை தவறாமக் குடுங்க."

பைக்குள் நீலக்கோடு போட்ட வெள்ளைப் பெட்டி.

என் மைத்துனன் உள்ளே விரல் இல்லாமல் கிடக்கிறான். என் கட்டைவிரல் பெட்டிக்குள் புகுந்து, அட்டையில் எத்தனை இருக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. நாலு மாதத்தில் முதல் கோபம். அந்தக் கட்டைவிரலை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

"என்ன எழுதியிருக்கு? வாசிங்க," என்றாள் அவள்.

வாசித்தேன். "காலையில் ஒன்று. ராத்திரி ஒன்று."

அவள் பெட்டியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, கோடு தெரியும், நிறம் தெரியும்.

"இது என் மாத்திரைதானே?"

"ஆமா."

"அவனுக்கு ஒன்னு. எனக்கு மட்டும் ஏன் அரை?"

நான் சீட்டை மடித்த மடிப்பிலேயே மடித்தேன்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"உனக்கும் ஒன்னுதான் போட்டிருந்துச்சு," என்றேன். "மீதிய நான் தின்னேன். இன்னிக்குக் காலைலயும் ரெண்டு தின்னுட்டுத்தான் ஏறுனேன்."

 அவள் ஊன்றுகோலை எடுத்து, என் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஓங்கி ஒரு போடு போட்டாள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"வலிக்குதாய்யா?"

"வலிக்குது."

"மாத்திரை வேணுமா?"

 அவளுக்கு அழுகை வந்தது, அதையும் திட்டிக்கொண்டே துடைத்தாள். "நாலு மாசம். செவுத்தைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்தேன். என் உடம்புலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். வாசிக்கத் தெரிஞ்ச புருஷன் இருக்கான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, பாவி!" பெட்டியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். "எந்திரி. டாக்டர் இன்னும் உள்ளதான் இருக்காரு. நீயே சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்."

சொன்னேன். டாக்டர் சின்னப் பையன், எனக்கு மகனாக இருக்கக்கூடிய வயது. திட்டுவான் என்று நினைத்தேன், அவன் திட்டவில்லை. ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு தாங்காது, தங்கள் கண்காணிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், அதுவரை சாரத்தில் ஏறவே கூடாது என்றான். "நெஞ்சை இறுக்குற அந்தப் பயத்துக்குன்னு தனியா வைத்தியம் இருக்கு. மொதல்லயே வந்திருக்கலாமே?"

வந்திருக்கலாம். இருக்கிறது என்று எவன் சொன்னான்? ஏறு என்றார்கள், சிரித்தார்கள், முதுகில் தட்டினார்கள். பயந்தவனாக இருந்தவரை ஒவ்வொரு கிளாம்பையும் இரண்டு தரம் தட்டிப் பார்ப்பேன். பதினோரு வருடத்தில் ஒரு குழாயைக்கூட நழுவ விட்டதில்லை. என்னைத் தைரியசாலி ஆக்கிய பிறகுதான் விட்டேன்.

வெளியே வந்தபோது தாள் அப்படியே நாற்காலியில் கிடந்தது. மேஸ்திரி டீ குடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது.

"என்ன எழுதியிருக்க? வாசி," என்றாள் அவள். "இந்தத் தடவை ஒழுங்கா வாசி. நான் நர்ஸ்கிட்டயும் குடுத்துக் கேப்பேன்."

"அவன் சரியாகத்தான் கையை விட்டான். நான் பிடிக்கவில்லை. பிடிக்காமலே ஆச்சு என்று சொன்னேன்."

அவள் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, ஊன்றுகோலைத் தட்டித் தட்டி நர்ஸைத் தேடிப் போனாள்.