யார் பெயரில் ஓடியது

அண்ணி ஐகானை இருமுறை தட்டினாள். கறுப்புச் சன்னல் திறந்து, கடவுச்சொல் கேட்டு, ‘முடிந்தது’ என்றது. ஆனால் ‘முடிந்தவை’ கோப்புறை துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. திரையில் இருந்த ஒலிப்பதிவுகளையும் காணோம்.

பார்வையற்றோர் நூலகத்துக்காக அவள் வாசித்துப் பதிந்த நாவல் அது. ஒரு கப்பல் சமையல்காரனின் கதை. இன்று மாலைக்குள் கொடுக்காவிட்டால் புத்தகம் வேறொருவர் குரலுக்குப் போய்விடும். மறுபடி வாசிக்கலாமென்றால் தொண்டை கட்டிக் கிடந்தது. பேசவே கூடாதென்று மருத்துவர் உத்தரவு.

அந்த ஐகானைத் தட்டினால் ஓடும் ஸ்கிரிப்டை, அந்தச் சின்ன நிரலை, எழுதியவன் அவள் கணவனின் தம்பி. தூங்கிக்கொண்டிருந்தவனைத் தலையணையால் மொத்தி எழுப்பினாள்.

“உன் மந்திரம் என் சமையல்காரனை முழுங்கிடுச்சுடா.”

“பேசாதீங்க அண்ணி, தொண்டை போயிடும்.”

“பேச வைக்கிறதே நீதானே!”

அவன் நாற்காலியில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். ஸ்கிரிப்டுக்கு இரண்டே வேலை. பதிவுகளைக் கோப்புறைக்கு நகர்த்த வேண்டும், நூலகம் தந்த டிஸ்கை இணைக்க வேண்டும். டிஸ்குக்கு மட்டும் நிர்வாகி அனுமதி தேவை. அது இல்லாமல் நேற்றுவரை வேலை நடக்காமலே சன்னல் மின்னி மறைந்துகொண்டிருந்தது. அவன் சோம்பல்பட்டு, ஸ்கிரிப்ட் முழுவதையுமே நிர்வாகியாக ஓடவைத்திருந்தான்.

வரிகளைப் படித்துக்கொண்டே வந்தவனின் காதுமடல் சிவப்பதை அவள் பார்த்தாள்.

“யார் ஓட்டுறாங்களோ அவங்க கோப்புறையில வைன்னு எழுதியிருக்கேன் அண்ணி. இப்ப ஓட்டினது நீங்க இல்ல, நிர்வாகி.”

“யாரு அந்த மகராசன்?”

“ஆள் இல்ல. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற பெரிய கணக்கு. அதுக்குத் தனிக் கோப்புறை இருக்கு.”

“போய் எடுத்துட்டு வா.”

எல்லாம் அங்கே பத்திரமாக இருந்தன. இங்கே கொண்டுவந்த பிறகும் ஒன்றும் திறக்கவில்லை. ‘அனுமதி இல்லை’ என்றது.

“என் குரலைக் கேக்க எனக்கே அனுமதி இல்லையாமா?”

“இன்னும் அந்த நிர்வாகி பேர்லயே இருக்கு. மாத்திடலாம். கடவுச்சொல் அடிங்க.”

அடித்தாள். “இப்பவும் எதுவுமே விழலையே!”

“விழுது. காட்டாது. எண்டரைத் தட்டுங்க.”

முதல் பதிவு திறந்தது. கரகரப்பில்லாத குரலில் ஒரு பெண், கப்பல் அடுப்பில் தீ மூட்டுவதைப் பற்றி நிதானமாக வாசித்தாள். இருவரும் அந்தப் பத்தி முடியும்வரை கேட்டார்கள். பிறகு அவன் டிஸ்கை இணைக்கும் வரிக்கு மட்டும் அனுமதியை விட்டுவைத்தான். அவள் பதிவுகளை டிஸ்கில் நகலெடுத்து, அதைப் பிடுங்கி அவன் கையில் திணித்தாள்.

கடிகாரத்தைக் காட்டினாள். பிறகு வாசலில் கிடந்த அவன் செருப்பைச் சுட்டிக்காட்டினாள்.