கூண்டுக்கு வராதவர்கள்

என் வீட்டுக்காரருக்குச் சிங்கிதான் உலகம். கடலில் கிடைக்கும் சிங்கி இறால் இல்லை, அதன் நன்னீர்ப் பங்காளி. வேறு கண்டத்திலிருந்து வந்த ஜந்து. யாரோ ஒரு புண்ணியவான் அழகுக்காக மீன்தொட்டியில் வளர்த்து, அலுத்துப்போய் வாய்க்காலில் விட்டுவிட்டான். அது மீன்முட்டையைத் தின்றது, நீர்ச்செடியை அறுத்தது, கரையெல்லாம் வளை தோண்டியது, கடைசியில் வாய்க்காலையே தன் பெயருக்கு எழுதிக்கொண்டது. அதை ஒழிப்பதுதான் இவருடைய ஆராய்ச்சி. நாற்றமடிக்கும் மீன்தலையைப் பொறிக்கூண்டில் கட்டித் தண்ணீரில் இறக்குவார். மறுநாள் தூக்கி, மாட்டியதை எண்ணுவார். அந்த மீன்தலைகள் எங்கள் வீட்டு ஃப்ரீசரில் பச்சைப் பட்டாணிக்குப் பக்கத்தில் குடியிருந்தன. கல்யாணத்துக்கு முன்னால் இதையெல்லாம் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

நான் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர். எங்கள் பிரிவில் வென்டிலேட்டரில் இருப்பவரை மயக்கத்திலேயே அசையாமல் கிடத்துவதுதான் வெகுகாலமாக வழக்கம். பிழைத்து எழும்போது தசையெல்லாம் கரைந்திருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்கக் கை வராது. உயிரைக் கொடுத்துவிட்டு ஆளைப் பிடுங்கிக்கொள்கிறோமே என்று எனக்கு ஆற்றாமை. அதனால் நானும் எங்கள் பிசியோதெரபிஸ்டும் ஒரு புது முறையைத் தொடங்கினோம். மயக்க மருந்தைக் குறைத்து, வாயில் குழாய் இருக்கும்போதே கட்டில் ஓரத்தில் உட்கார வைப்பது, முடிந்தால் எழுப்பி நிறுத்துவது. யாருக்குப் புது முறை, யாருக்குப் பழைய முறை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம். பிசியோதெரபிஸ்ட் பார்க்க ஈர்க்குச்சி மாதிரி இருப்பார். எத்தனை கனமான ஆளையும் நிமிர்த்தி உட்கார வைத்துவிடுவார் என்பதால் வார்டில் அவருக்குப் பயில்வான் என்று பெயர்.

வீட்டுக்குப் போனவர்களை ஆறு மாதம் கழித்துப் பின்பரிசோதனைக்கு வரச் சொல்வோம். வந்தவர்களைச் சோதித்துக் கணக்குப் பார்த்தோம். இரண்டு பக்கமும் ஒன்றுதான். புது முறைக்காரர்கள் ஒரு பிடி மோசம் என்றுகூடச் சொல்லலாம்.

தலைமை மருத்துவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "பலன் தெரியாத வேலைக்கு ஆள் ஒதுக்க முடியாதும்மா. அடுத்த குழுக் கூட்டத்துல நிறுத்திடலாம்," என்றார். நிறுத்தினால் பயில்வான் வேறு வார்டுக்குப் போவார். கட்டிலில் கிடப்பவர்கள் கிடக்க வேண்டியதுதான்.

அதே வாரம் என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். கூண்டுகள் காலியாக வரத் தொடங்கியிருந்தன. சிங்கி ஒழிந்தது என்று அவருடைய அலுவலகத்தில் அறிவிப்பே எழுதிவிட்டார்கள். அப்போது பார்த்து, மதகைப் பழுது பார்க்கிறோம் என்று வாய்க்காலை வடியவிட்டார்கள். அன்று மாலை மனிதர் முழங்கால் வரை சேற்றோடு வந்து, அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கரை முழுக்க வளை," என்றார். "ஒவ்வொரு வளைக்குள்ளயும் ஒரு பொட்டை. வயித்துல முட்டையை ஒட்ட வச்சுக்கிட்டு, வெளிய தலையே காட்டாம உக்காந்திருக்கு. கூண்டுக்கு வந்ததெல்லாம் பெரிய பெரிய ஆண் சிங்கி. அந்தத் தடியனுங்களைப் புடிச்சுட்டு மொத்தமும் காலின்னு நெனச்சுட்டேன்."

ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தலைமை மருத்துவர் மேல் இருந்த கோபம் வாசலிலேயே காத்திருந்து இவர் மேல் பாய்ந்தது. "கூண்டுக்கு வந்ததை மட்டும் எண்ணிட்டு வாய்க்கால்லயே அவ்வளவுதான்னு சொன்னீங்களா? உங்களையெல்லாம் யாரு விஞ்ஞானின்னு சொன்னது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ மட்டும் என்ன பண்றியாம்? உன் கிளினிக்குக்கு வந்தவங்களைத்தானே எண்ணுற? வராதவங்க எங்க?"

"வரச் சொன்னோம், வரல. அதுக்கு நான் என்ன பண்றது?"

"நானும் மீன்தலை வச்சேன். அதுங்க வரல. நான் என்ன பண்றது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்துபோய், ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடி கழுவினேன். கை தேய்த்துக்கொண்டிருக்க, மண்டைக்குள் ஏதோ இடறியது. எங்கள் கிளினிக் வேலைநாளில், காலை நேரத்தில். வந்தால் அரை நாள் போய்விடும். அதற்கு யார் வருவார்கள்? உடம்பில் இன்னும் தொந்தரவு இருப்பவர்கள், போக வேறு வேலை இல்லாதவர்கள். நன்றாக இருப்பவன் எதற்கு வருகிறான்? ஒரேயடியாகப் படுத்துவிட்டவன் எப்படி வருவான்? நானும் ஒரு மீன்தலையைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, மாட்டியவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்!

"ஏங்க," என்றேன், சோப்புக் கையோடு.

"இன்னும் திட்டணுமா?"

"இல்ல. நாளையிலேர்ந்து கார் எனக்கு வேணும்."

வராதவர்களைத் தேடிப் போனோம், நானும் பயில்வானும். நம்முடைய ஆட்களை மட்டும் முதலில் பார்ப்போம் என்று பயில்வான் கெஞ்சினார். கூடாது, பழைய முறைக்காரர்களையும் ஒரு தலை விடாமல் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நாமும் கூண்டு வைத்த கதைதான் என்றேன்.

முதல் வீடு எங்கள் புது முறைக்காரி வீடு. மகள் கதவைத் திறந்தாள். "அம்மா போயிட்டாங்க டாக்டர்," என்றாள். அந்தச் சாவையும் கணக்கில் சேர்த்தேன். அடுத்த வீடு வரும்வரை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, இந்த வேலையை ஏன் தொடங்கினோம் என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் காற்று திரும்பியது. ஒருவர் வீட்டில் இல்லை, பேக்கரிக்குப் போயிருந்தார். போய்ப் பார்த்தால் மாவு மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களையே, "யாரு வேணும்?" என்று கேட்டார். ஒருவர் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க நாங்கள் டிக்கெட் எடுத்துக் கடைசி நிறுத்தம்வரை போக வேண்டியிருந்தது. பயில்வான் ஜன்னலோரம் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே வந்தார். பழைய முறைக்காரர்களைத் தேட வேண்டிய சிரமம் இருக்கவில்லை. சிலர் இறந்திருந்தார்கள். பலர் வீட்டில், திரைக்குப் பின்னால், கட்டிலில் இருந்தார்கள்.

குழுக் கூட்டத்தில் இரண்டு பக்கக் கணக்கையும் வைத்தேன். தலைமை மருத்துவர் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்களே தேடிப் போய், நீங்களே பார்த்து, நீங்களே மார்க் போட்டா எப்படிம்மா? இவங்கள்ல நாலு பேரை இங்க வரச் சொல்லுங்க. நாங்களும் பார்க்குறோம்."

நியாயமான பேச்சு. "யாரைன்னு நீங்களே சொல்லுங்க சார், இப்பவே கூப்பிடுறேன்," என்றேன். அவர் விரல் வைத்த பெயருக்குப் போன் போட்டு, குழுவே கேட்கிறது, பரவாயில்லையா என்று கேட்டுக்கொண்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

பேக்கரிக்காரர். "இன்னைக்கா? அடுப்புல பன் வேகுது டாக்டரம்மா, கையெல்லாம் மாவு. நாளைக்கு வரவா? ஐயோ, நாளைக்கும் ஆர்டர் இருக்கே!"

அடுத்த விரல். போனை எடுத்தது கண்டக்டர். "அண்ணன் வண்டி ஓட்டிட்டு இருக்காரு. ஓட்டும்போது போனைத் தொட மாட்டாரு," என்றார். பின்னால் ஹாரன் அடித்தது, யாரோ இறங்கணும் இறங்கணும் என்று கத்தினார்கள்.

மூன்றாவது ஒரு பெண்மணி. "நான் உங்க ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன், பிரசவ வார்டுல. ஆனா மேல வர முடியாது. என் பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு, கையைப் புடிச்சவ விடமாட்டேங்குறா!" அவர் போனை வைத்துவிட்டார். குழுவில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், தலைமை மருத்துவரும்.

"வர ஒருத்தருக்கும் நேரம் இல்ல சார்," என்றேன். "நான் சொல்ல வந்ததே அதுதான்."

அவர் விரல் இப்போது மறுபக்கத்துக்குப் போனது. பழைய முறைக்காரர் ஒருவர். மனைவி எடுத்தார். வர முடியுமா என்று கேட்டேன்.

"அவரா? கட்டில்லதான் இருக்காரு. நாலு பேரு தூக்கினா வரலாம். தூக்க ஆள் அனுப்புறீங்களா?" அவரே தொடர்ந்தார்: "வீட்டுக்கு அனுப்புனதுக்கப்புறம் அன்னைக்கு நீங்க வந்து பார்த்தீங்க. அதோட சரி. அவருக்கு ஏதாச்சும் செய்வீங்களா, இல்ல பார்த்துட்டு மட்டும் போவீங்களா?"

அறையில் யாரும் சிரிக்கவில்லை. என் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தலைமை மருத்துவர் போனைத் தன் பக்கம் இழுத்து, தானே பேசினார். "செய்வோம்மா. ஆள் வருவார்." பிறகு எங்களைப் பார்த்தார். "நிறுத்துற பேச்சே வேண்டாம். எல்லாக் கட்டிலுக்கும் புது முறைதான். அந்த வீட்டுக்கு யார் போறது?"

பயில்வான் அதற்குள் எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டிருந்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "ஜெயிச்சாச்சு!" என்று கத்தியதில் ஒரு நர்ஸ் மருந்துத் தட்டோடு திரும்பிப் பார்த்தாள்.

"இங்கயும்தான்!" என்று அவர் சேற்றுக்குள்ளிருந்து திருப்பிக் கத்தினார். "கூண்டைத் தூக்கிக் கரையில வச்சுட்டோம். வளை வளையாத் தோண்டுறோம். வாளி பத்தல, வர்றப்ப நாலு வாங்கிட்டு வா!"

வாங்கிக்கொண்டு போனேன். முட்டையும் குட்டியுமாக வாளிகள் நிறைந்ததை இரண்டு பேரும் சேற்றில் நின்று பார்த்தோம். இனி வருகிற வருஷம் எங்களுடையது என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும், மூக்கில் சேற்றோடு அப்படிச் சிரித்தார்.

பயில்வான் அந்தக் கட்டில்காரர் வீட்டுக்கு மாதக் கணக்கில் போய் வந்தார். முதலில் உட்கார வைத்தார், பிறகு நிறுத்தினார், பிறகு சண்டை போட்டு வாசல்வரை நடக்க வைத்தார். ஒருநாள் அவருக்குப் பின்பரிசோதனை குறித்திருந்தோம். காலை முழுக்க நாற்காலி காலியாக இருந்தது. மதியம் அவர் மனைவியின் போன் வந்தது.

"டாக்டர், அவர் வரமாட்டாரு."

"என்னம்மா ஆச்சு?"

"முடி வெட்டிக்கப் போறேன்னு காலையில நடந்து போனாரு. அங்க பழைய கூட்டாளி ஒருத்தன் கெடச்சிருக்கான். ரெண்டும் சேர்ந்து எங்க சுத்துதோ தெரியல, போனை வேற வீட்டுலயே வச்சுட்டுப் போயிருக்காரு. வரட்டும், நல்லாத் திட்டி நாளைக்கு அனுப்பி வைக்கிறேன்."

"வேண்டாம்மா, திட்டாதீங்க," என்றேன். அவர் பெயருக்கு எதிரே, 'வரவில்லை, நடந்து போயிருக்கிறார்' என்று எழுதிக்கொண்டேன்.