புடவைக்கு மேல்

ஞாயிறு முதல் பூசையில் கிறிஸ்துராஜ் அந்த அறிவிப்பைப் படித்தபோது நான் ஜெர்சியோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"பங்குப்பேரவையின் முடிவு. இனிமேல் பீடத்தில் வாசகம் வாசிக்கும் பெண்கள் புடவைக்கு மேல் ஸ்வெட்டர், ஜெர்சி, ஷால், குல்லா போன்ற எதையும் அணியக்கூடாது. நம்முடைய ஞாயிறு, திருநாள் பூசைகள் யூடியூபில் நேரலையாகப் போகின்றன. வெளிநாடுகளிலிருந்தும் பார்க்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும்."

இதைப் படிக்கும்போது அவர் கோட் போட்டிருந்தார். கோட்டுக்குள் கையில்லாத ஸ்வெட்டர். அதற்குள் முழுக்கைச் சட்டை. கோயில் காரியங்களைப் பார்க்கும் அந்தப் பேரவைக்குச் செயலர் ஆனதிலிருந்து அதுதான் அவருடைய காலைப் பூசை உடை. ஆண்களைப் பற்றி அறிவிப்பில் ஒரு சொல்கூட இல்லை.

யாரும் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர்கள் பட்ட பாட்டிலேயே தெரிந்தது, அது யாருக்கான அறிவிப்பு என்று.

பருத்திப்பட்டில் மாசி மாதம் ஒரே நாளில் மூன்று ஊராக இருக்கும். விடியலில் ஏரிப்பக்கமிருந்து பனி கிளம்பித் தெருவுக்குள் வந்துவிடும். பால்காரரின் வண்டி வருவது விளக்கு வெளிச்சத்தால்தான் தெரியும். பூசை முடிந்து வெளியே வரும்போது இதமான வெயில். அப்படியே ஆவடி மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பினால் தார்ச்சாலை காலைச் சுடும். அதனால் நான் அடுக்கடுக்காக உடுத்திக்கொண்டு புறப்படுவேன். பருத்திப் புடவை, அதன்மேல் என் வீட்டுக்காரர் மேக்ஸ்வெல்லின் ஜெர்சி, அதன்மேல் சால்வை, தலையில் ஸ்கார்ஃப், காதில் பஞ்சு. நேரம் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழன்று கட்டைப்பைக்குள் போகும். மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது புடவை மட்டும் மிஞ்சும். பையில் கத்திரிக்காய்க்கு இடம் இருக்காது.

அந்த ஜெர்சி பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் அவருக்குக் கொடுத்தது. பாசிப்பச்சை நிறம். பீரோவில் அந்துருண்டையோடு பல வருடம் தூங்கிய துணி. போன வருடம் எனக்கு நெஞ்சில் சளி கட்டி, தவக்காலம் முழுவதும் குரலே இல்லாமல் போனபிறகுதான் அது வெளியே வந்தது. அந்தத் தவக்காலத்தில் நான் படிக்க வேண்டிய பைபிள் வாசகங்களையெல்லாம் வேறு யார் யாரோ படித்தார்கள். நான் ஆவி பிடித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. வீட்டிலும் புத்தகத்தோடு ஒதுங்கிக்கொள்வேன். பேச வேண்டிய இடத்திலும் பாதியை விழுங்கிவிடுவேன். வாசக மேடையில் நிற்கும்போது மட்டும்தான் என் குரல் எனக்கே முழுசாகக் கேட்கும். ஒரு வரியைப் படித்துவிட்டு நிறுத்தும்போது கோயில் முழுக்க ஓர் அமைதி விழும். அந்த அமைதிக்காகத்தான் படிக்கிறேன் என்றும் சொல்லலாம். இந்த வருடம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் காலைப் பூசையின் முதல் வாசகம் எனக்கு வந்திருந்தது. அதையும் இழக்க எனக்கு மனமில்லை.

அன்று பூசை முடிந்ததும் முகப்பிலேயே கிறிஸ்துராஜை நிறுத்தினேன்.

"எனக்கு வீசிங் இருக்கு சார். போன வருஷம் நடந்தது உங்களுக்கே தெரியும்."

"லூர்தம்மா, இது மெட்ராஸ். இங்க என்ன குளிரு?" என்றார். "கனடாவுல இருந்து என் பையன் பாத்துட்டு போன் பண்றான். 'அப்பா, அங்க ஸ்னோ விழுதா?'ன்னு கேக்கறான். மருமக பக்கத்துல சிரிக்கிறா. நமக்குத்தானே அசிங்கம்?"

"நீங்க கோட்டு போட்டிருக்கீங்களே?"

"கோட்டு ஃபார்மல் டிரஸ்மா. அதையும் இதையும் ஒண்ணாப் பேசலாமா?"

சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். பீடத்துக்குப் பூ வைக்கும் புஷ்பா தூணோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, கம்முனு உட்டுட்ட? இவரு மட்டும் இமயமலைக்குப் போறாமாரி மாட்டிகினு வர்றாரு, அத்த யாரு கேக்கறது? ஒனக்கு சளி புட்ச்சா அந்தக் கனடாக்காரனா வந்து தைலம் தேச்சு உடுவான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கோ இருக்கும் ஒரு பையனுக்குச் சிரிப்பு வரக்கூடாது என்பதற்காக இங்கே என் நெஞ்சில் சளி கட்ட வேண்டும். இதை எந்தக் கணக்கில் வைப்பது?

மறுநாள் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர், உடம்பு கொஞ்சம் கனம். பூசையின்போது அங்கி, அதன்மேல் தோளிலிருந்து தொங்கும் பட்டை, அதன்மேல் கனமான பூசை உடை என்று உடுத்துவதால் அவருக்கு வியர்த்துக் கொட்டும். அதற்காகக் கல்யாண மண்டபத்தில் வைப்பதுபோல ஒரு பெரிய ஃபேனை கேமராவுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அது பீடத்தைப் பார்த்து வீசும். பீடத்துக்கும் அதற்கும் நடுவில் இருப்பது வாசக மேடை. அதாவது சாமியாருக்குப் போகும் காற்று என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"ஒரு வாசகம்தானேம்மா," என்றார். "அஞ்சு நிமிஷம். ஆண்டவருக்காகத் தாங்கிக்கக் கூடாதா?"

"அந்த ஃபேனையாவது கொஞ்சம் திருப்பி வைக்கலாமா ஃபாதர்?"

"எனக்கு வேர்த்து ஊத்துமேம்மா. மூணு உடுப்பு போட்டிருக்கேனே."

"அதுல ஒண்ணைக் கொறச்சா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அது வழிபாட்டு உடைம்மா. நம்ம இஷ்டத்துக்குக் கொறைக்க முடியுமா?"

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அவருக்கு வியர்த்தால் ஃபேன், செயலருக்குக் குளிர்ந்தால் கோட். எனக்குக் குளிர்ந்தால் மட்டும் தியாகம். நான் சும்மா நின்றதைப் பார்த்து, ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று நினைத்து அவர் என்னை ஆசீர்வதித்தார். என் மௌனத்தை இப்படி எத்தனை பேர் சம்மதமாக எடுத்துக்கொண்டிருப்பார்களோ என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

அன்று மாலை வாசகத்தைப் படித்துப் பழகியபடி புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அறிவிப்பின் அந்தச் சொற்கள் திரும்ப வந்தன. புடவைக்கு மேல். மேல்தானே? பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஜெர்சியை எடுத்தேன்.

புதன்கிழமை விடியலில் ஜாக்கெட்டுக்குப் பதிலாக ஜெர்சியைப் போட்டு, அதன்மேல் புடவையைக் கட்டினேன். கழுத்துவரை பாசிப்பச்சை. கை மணிக்கட்டுவரை பாசிப்பச்சை. ஸ்கார்ஃபைக் கட்டி, முந்தானையால் அதன்மேல் முக்காடு போட்டேன். மேக்ஸ்வெல் டீ டம்ளரோடு வந்து நின்று பார்த்தார்.

"இன்னாமே இது? பார்டருக்கா கெளம்பிட்ட?"

"பூசைக்கு."

"துப்பாக்கி வாணாமா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி சரி, நல்லாத்தான் கீது. காலர சரியா இழுத்து உடு," என்றார்.

தெருவில் பனி நன்றாக இறங்கியிருந்தது. கோயில் முகப்பில் கிறிஸ்துராஜ் நின்றிருந்தார், கோட்டுப் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு.

"என்னம்மா இது கோலம்?"

"நீங்க சொன்னபடிதான் சார். புடவைக்கு மேல ஒண்ணுமில்ல."

"உள்ள இருக்கறது என்ன?"

"ஜாக்கெட்."

"இதுவா ஜாக்கெட்?"

"கடையில போய்க் கேளுங்க. இதையும் ஜாக்கெட்டுனுதான் சொல்லுவாங்க."

பின்னால் புஷ்பா களுக்கென்று சிரித்தாள். அவர் முகம் சிவந்தது. "வெளையாட்டா இது? நீங்க உக்காருங்க. ஆஷ்லி படிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆஷ்லி கல்லூரியில் படிக்கும் பெண். அறிவிப்பு வந்த ஞாயிற்றுக்கிழமையே, இரண்டாவது பூசையில் வாசித்தவள் அவள்தான். மெல்லிய பட்டுப்புடவையில் அந்த ஃபேனுக்கு நேராக நின்று படித்தாள். இப்போது கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி அவள் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"அங்கிள்..." என்றாள். பாதிச் சத்தம்தான் வெளியே வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றாள். "ஞாயித்துக்கெழமைலேர்ந்து... கொரலே இல்ல அங்கிள்."

கிறிஸ்துராஜ் சுற்றிலும் பார்த்தார். வேறு வாசகர் யாரும் வந்திருக்கவில்லை. வருகைப் பாடல் தொடங்கிவிட்டது. என்னைப் பார்த்தார், வாசக மேடையைப் பார்த்தார், முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் மூக்கு சிவந்து கிடந்ததைப் பார்த்தபோது கோபம்தான் அதிகமானது.

என் முறை வந்ததும் மேடை ஏறினேன். ஃபேன் காற்று முகத்தில் அறைந்தது. முந்தானை பறந்தது, தாள்கள் படபடத்தன. ஒரு கையால் புத்தகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு படித்தேன். குரல் உடையாமல் வந்தது. ஜெர்சிக்குள் நெஞ்சு கதகதப்பாக இருந்தது.

சாம்பல் புதன் வாசகத்தில் உடையைப் பற்றி ஒரு வரி வரும். மனம் வருந்துகிறவர்கள் கிழிக்க வேண்டியது துணியை அல்ல, நெஞ்சை என்று சொல்லும் வரி. வருடா வருடம் வருவதுதான். அதைப் படித்துவிட்டு நிறுத்தினேன். வழக்கமாக ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்துவேன். அன்று தலையை நிமிர்த்தி முன்வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஃபேன் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள். கிறிஸ்துராஜ் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு கேமராவைப் பார்த்தார், பிறகு தன் மடியைக் குனிந்து பார்த்தார். பீடத்தின் அருகே சாமியார் நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார். போதும் என்று தோன்றியபிறகு அடுத்த வரிக்குப் போனேன்.

பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வெளியே வந்தபோது பனி விலகியிருந்தது. புஷ்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கு இம்மாந் தில்லு கீதுன்னு தெரியாமப் பூட்ச்சேக்கா!" என்றாள். மார்க்கெட் போகும் வழியெல்லாம் வாசகத்தை நான் நிறுத்திவிட்டு நின்றதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

காய்கறி வாங்கித் திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. ஸ்கார்ஃபைக் கழற்றிப் பையில் வைத்தேன். காதுப் பஞ்சை எடுத்தேன். அடுத்தது ஜெர்சி. கை தானாகக் கழுத்துக்குப் போய் நின்றுவிட்டது. அது புடவைக்குள் இருந்தது. நடுத்தெருவில் அதை எப்படிக் கழற்றுவது? முதுகில் வியர்வை வழிந்தது. கம்பளி ஈரமாகி உடம்பெல்லாம் அரித்தது. அடுக்கடுக்காக உடுத்துவதே வேண்டாதபோது கழற்றிக்கொள்ளத்தான். அந்த ஒன்றை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள்; நானும் சாமர்த்தியமென்று நினைத்து அதற்கு வழி செய்து கொடுத்திருக்கிறேன்.

"இன்னாக்கா, மூஞ்சி இப்டி செவந்துடுச்சு?" என்றாள் புஷ்பா.

அப்போது ஒரு ஸ்கூட்டர் எங்களைத் தாண்டிப் போனது. கிறிஸ்துராஜ். கோட்டைக் கழற்றி அழகாக மடித்து முன்னால் வைத்திருந்தார். ஸ்வெட்டரையும் காணோம். சட்டையின் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டு, காற்று வாங்கிக்கொண்டு போனார்.

அவர் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"புஷ்பா, அடுத்த மாசமும் எனக்கு ஒரு வாசகம் இருக்கு," என்றேன்.

"அப்போ பனி பூடுமேக்கா?"

"போனாலும் பரவால்ல. ஜெர்சியை மேலதான் போட்டுக்குவேன். எனக்குப் புழுங்கும்போது அந்தக் கேமராவுக்கு முன்னாலயே கழட்டுவேன்."