அந்தப் பிரஸர் இல்லை

சிங்களம் பேசுவதில் என்னை மிஞ்ச எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனில் ஆள் கிடையாது என்ற திமிர் எனக்கு இருந்தது. கலவானைச் சந்தையில் நான் பேரம் பேசினால் கடைக்காரர்கள் என்னைத் தோட்டத்து ஆள் என்றே நினைக்க மாட்டார்கள். "மெட்டில்டா வாயத் தொறந்தா பொலிசும் ஒதுங்கிப் போகும்" என்று என் வீட்டுக்காரர் நக்கலடிப்பார்.

2008 ஜூன். நாலு நாளாக விடாத மழை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் லொறிக்கு மூட்டை தூக்கும்போது அவர் வழுக்கி விழுந்து, சிமெந்துக் கட்டின் விளிம்பில் பின்மண்டை அடித்துவிட்டது. ரத்தம் ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் ரெண்டு தடவை வாந்தி எடுத்தார். "தல வெடிக்குது புள்ள" என்று முனகினார். அன்று காலையிலேயே கலவானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

தலைக்குள் படம் பிடிக்கும் மெசின் அங்கே இல்லை. இளம் டொக்டர் ஒருவர், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வயிறு ஸ்கேன் பண்ணும் மெசினைக் கட்டிலருகே உருட்டி வந்து, என் வீட்டுக்காரரின் மூடிய கண்ணிமை மேல் ஜெல்லைப் பூசிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடி பட்டது மண்டையில், இந்த மனுசன் பார்ப்பது கண்ணை!

"ஒளுவே பிரஸர் எக்க வெடியி" என்றார் டொக்டர். தலையில் பிரஸர் கூடியிருக்கிறது, உடனே இரத்தினபுரிக்கு அனுப்ப வேண்டும், அம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது என்றார்.

அட, இவ்வளவுதானா! எங்கள் லயத்தில் பிரஸர் இல்லாத வீடு எது? கோபம் வந்தாலே "பிரஸர் தலைக்கி ஏறிருச்சு" என்போம். என் வீட்டுக்காரருக்கு ஏழு வருஷமாகப் பிரஸர். அது பழைய வியாதி, நானே பார்த்துக்கொள்கிறேன், ஆற்றுத் தண்ணீர் ஏறுகிற நேரத்தில் அதற்காக இரத்தினபுரி போக முடியாது என்று என் அழகான சிங்களத்தில் அடித்துச் சொன்னேன். டொக்டர் மறுபடி விளக்க வாயெடுத்தார். அதற்குள் ஒரு தாய்க்கு ஆபத்தென்று பிரசவ வார்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். அந்தத் தாயை ஏற்றிக்கொண்டு அம்புலன்ஸ் போய்விட்டது. நான் பையிலிருந்த பிரஸர் குளிசையில், ஒன்றுக்கு ரெண்டாகவே அவருக்குக் கொடுத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து வேலைக்கு வந்த நேர்ஸ் ஹபீஸா நம் பாஷை பேசுகிற பிள்ளை. டொக்டர் எழுதிவைத்திருந்த துண்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறிப்போனது.

"ஏன்க்கா இவர அனுப்பல?"

"பிரஸர்தானே தங்கச்சி."

"ஐயோ, அந்தப் பிரஸர் இல்லக்கா! மண்ட ஓடு மூடுன பொட்டி மாதிரி. உள்ள ரத்தம் கசிஞ்சு மூள வீங்குனா வெளிய போக வழியில்ல. கண்ணுக்குப் பின்னால இருக்குற நரம்பு உறை அதுல உப்பிக்கிரும். அதத்தான் டொக்டர் அளந்திருக்காரு. பிரஸர் குளிச எதுவும் குடுத்துறாதீங்க, மூளைக்கிப் போற ரத்தமும் கொறஞ்சிரும்."

நான் பையிலிருந்த குளிசை அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் ஓடிவந்து, இரத்தினபுரிப் பாதையில் பாலம் முங்கிவிட்டது, இனி வாகனம் போகாது என்று கத்தினார்கள். போகவும் வழியில்லை, கொடுத்த குளிசையை எடுக்கவும் வழியில்லை. சொல்லாமல் விட்டால் அவர் உயிர் போகும். சொன்னால் நானே கொன்றவள். பாவி, என்ன மாதிரி பயந்தேன்! ஆனாலும் டொக்டரிடம் ஓடினேன். அவ்வளவு பேசிய வாய்க்கு அப்போது ஒரு சிங்களச் சொல் வரவில்லை. வெறும் குளிசை அட்டையை நீட்டி ரெண்டு விரலைக் காட்டினேன்.

அவர் ஏசவில்லை. சேலைன் ஏற்றினார், தலைமாட்டை உயர்த்தினார், மறுபடி கண்ணில் ஸ்கேன் வைத்தார். காலையில் பார்த்ததைவிட அந்த நரம்பு உறை இன்னும் உப்பியிருந்தது. நேவிக்காரர்களின் மோட்டர் போட்டுக்குச் சொல்லியிருக்கிறோம், அது வரும்வரை இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பிக்கொண்டே இருங்கள் என்றார்.

கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் நான் அவர் பேரை வாயால் சொன்னதில்லை. "இந்தாங்க", "என்னாங்க", அவ்வளவுதான். ஹபீஸா என் கையை அழுத்தினாள்.

"அந்தோனி!" என்றேன். "அந்தோனி!"

அவர் ஒற்றைக் கண்ணை லேசாகத் திறந்தார். "என்னடி... பேரச் சொல்லிக் கூப்புடுற?"

"ஆமா, சொல்லுவேன்! ஊரு கேக்கச் சொல்லுவேன்! தூங்காதீங்க, என்னய ஏசுங்க!"

உதடு கோணிச் சிரித்தார். பிறகு பேசவில்லை. தொண்டை கட்டும்வரை நான் கூப்பிட்டேன்.

போட் பாலத்தடிக்கு மூன்று மணிக்கு வந்தது. இரண்டரைக்கே டொக்டர் என் தோளைத் தொட்டு, இனிக் கூப்பிட வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னார். அது எனக்கு ஒரு சொல் தப்பாமல் விளங்கியது.