முழங்கால் தரிசனம்

காலைச் சாப்பாடு முடிந்த பிறகுதான் எங்கள் குழுவுக்குக் கர்த்தர் வழிகாட்டுவார். வெறும் வயிற்றில் ஒருநாளும் காட்டியதில்லை.

ஓக்லஹோமாவிலிருந்து குவாத்தமாலாவின் மலைக்கிராமம் ஒன்றுக்கு ஏழு நாள் ஊழியத்துக்கு வந்திருந்தோம், பதினோரு பேர். பத்துப் பேர் ஜெபத்தில் கெட்டி. நான் டாரல், கொத்தனார், ஜெபம் சுமார்தான். வந்த வேலை ஒன்றே ஒன்று. தொமித்திலா என்கிற விதவையின் வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவு. போன மழையில் மண் இறங்கி அவள் அடுப்படியை வாரிக்கொண்டு போயிருந்தது. இந்த மழைக்குள் தடுப்புச் சுவர் எழும்பாவிட்டால் அடுத்துப் போவது அவளும் மகளும் படுக்கிற அறை.

அஸ்திவாரத்தை உள்ளூர்க் கொத்தனார் வென்செஸ்லாவோ முன்னமே போட்டு வைத்திருந்தான். டெக்சாஸில் ஆறு வருஷம் கூரை வேய்ந்தவன், எங்களுக்கு மொழிபெயர்ப்பும் அவன்தான். முந்நூறு சிமெண்ட் பிளாக்கை லாரி சாலையோரம் கொட்டிவிட்டுப் போயிருந்தது. சாலையிலிருந்து வீட்டுக்கு அறுபது படி. கட்டுவதை நாங்கள் இரண்டு பேர் பார்த்துக்கொள்வோம். சுமக்கத்தான் ஆள் வேண்டும். அதற்குப் படிப்பும் வேண்டாம், வரமும் வேண்டாம், இரண்டு கை போதும்.

இருபது கை வந்திருந்தது. இருபதும் கூப்பியே இருந்தது.

எங்கள் தலைவர் டாட் விக்கர்ஷாம், ஊரில் கார் இன்சூரன்ஸ் விற்பவர். தினமும் காலையில் எல்லோரையும் வட்டமாக உட்கார்த்தி ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுப்பார். கண்ணை மூடி, கர்த்தர் காட்டுவதை எழுத வேண்டும். எழுதியதற்கு ஒத்துவருகிற ஆளைக் கிராமத்தில் தேடிப் பிடித்து, தலையில் கை வைத்து ஜெபிக்க வேண்டும். எங்கள் சபையில் இதற்குப் புதையல் தேடுதல் என்று பெயர்.

தரிசனத்தில் கைதேர்ந்தவள் மார்லின், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட கிளார்க். தினமும் அவள் சீட்டில் மூன்று விஷயம் தவறாமல் வரும்: சிவப்பு நிறம், ஒரு நாய், வலிக்கிற முழங்கால். விறகு சுமந்து பிழைக்கும் ஊரில் முழங்கால் வலிக்காத ஆளைக் கண்டுபிடித்தால் அதைத்தான் அற்புதம் என்று சொல்ல வேண்டும். முதல் நாளே ஒன்பது முழங்கால் கிடைத்தது. சுவர் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் கேட்டுப் பார்த்தேன். "பிரதர், இன்னைக்கு ஒரு நாள் எல்லாரும் கல்லு தூக்குங்களேன்."

"கல்லு எங்க போயிடப் போகுது, டாரல்? ஆத்துமா போயிடும்."

"மண்ணும் போயிடும், பிரதர். வீட்டு மேல போயிடும்."

"கவலைப்படாதீங்க. அவர் பார்த்துக்குவார்" என்று தோளைத் தட்டினார். உள்ளங்கை பஞ்சு மாதிரி இருந்தது.

நான்காம் நாள் மதியம் பருவம் தப்பிய மழை ஒன்று கொட்டியது. கூடை அளவு மண் உருண்டு வந்து, நாங்கள் இரண்டு பேருமே சுமந்து அப்போதுதான் வைத்த வரிசையைத் தள்ளிவிட்டுப் போனது. தொமித்திலா மகளின் படுக்கையைச் சுருட்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் காலை நானும் கண்ணை மூடிச் சீட்டு எழுதினேன்: 'சாம்பல் நிறக் கல். அறுபது படி.' இதைவிடப் பச்சையாக எழுத எனக்குத் தெரியாது.

டாட் அதை வாங்கிப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். "கல்லுன்னா கல்நெஞ்சு. அறுபதுன்னா வயசு." அறுபது வயதுக் கல்நெஞ்சனைத் தேடிப் போனார்கள். ஒருவன் அகப்பட்டான். அரைமணி நேரம் ஜெபித்து முடித்த பிறகு தெரிந்தது, அவன் உள்ளூர்ச் சபை மூப்பர்.

வென்செஸ்லாவோ சிரித்துச் சிரித்துக் கலவைமேலேயே உட்கார்ந்துவிட்டான். தொமித்திலா என்னவென்று கேட்டாள். சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"தெனமும் என்னத்தத் தேடுதுங்க?"

"செவப்பு, நாய், முழங்கால்."

"அவ்வளவுதானா? முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

ஆறாம் நாள் காலையில் சாலையோரக் கல் குவியல்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். தலையில் சிவப்புத் துணி. மடியில் பக்கத்து வீட்டு நாய், ஓடிவிடாதபடி கழுத்தில் கயிறு. குழுவைக் கண்டதும் எழுந்து இரண்டடி நொண்டினாள்.

மார்லின் அழுதேவிட்டாள். பத்துப் பேரும் கை வைத்தார்கள். முக்கால் மணி நேரம். நாய்கூடத் தூங்கிவிட்டது.

"இப்ப எப்படி இருக்கு சிஸ்டர்?" என்றார் டாட்.

வென்செஸ்லாவோ மொழிபெயர்த்தான். "கொஞ்சம் தேவலையாம். இந்தக் கல்ல ஒத்தையாளா மேல ஏத்தித்தான் கால் போச்சாம். ஒவ்வொரு கல்லா மேல போகப் போக வலி எறங்கும்னு கனவுல சேதி வந்துச்சாம்."

டாட் கல்லைப் பார்த்தார், படியைப் பார்த்தார். மறுக்க முடியவில்லை; கனவை நம்பமாட்டேன் என்று சொன்னால் அவர் சீட்டுக்கு என்ன மதிப்பு? கோட்டைக் கழற்றி முதல் கல்லைத் தூக்கினார்.

சாயங்காலத்துக்குள் மிச்சக் கல் எல்லாம் மேலே வந்தது. கடைசி ஐம்பதுக்குப் பாட்டு நின்று முனகல்தான் கேட்டது. தொமித்திலா நொண்டாமல் நடந்து காட்டினாள். படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஏழாம் நாள் ஏரிக்குப் போகும்படி எல்லோருக்கும் ஒரே தரிசனம் வந்தது. நானும் வென்செஸ்லாவோவும் மட்டும் வேலையில் நின்றோம். பார்த்தால் படியில் மார்லின், கையில் கலவைச் சட்டியோடு.

"ஏரிக்குப் போகலியா அக்கா?"

"அவ முதல்ல இடது கால நொண்டினா. ஜெபம் முடிஞ்சப்புறம் வலது கால நொண்டினா."

"தெரிஞ்சுமா சுமந்தீங்க?"

"பதினாலு வருஷமா இந்தப் பயணம் வர்றேன். பொய் சொல்லியாவது என்கிட்ட வேலை வாங்கினது அவ ஒருத்திதான். சட்டிய எங்க வைக்கட்டும்?"

இருட்டுவதற்குள் கடைசி வரிசை ஏறியது.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாட் சபையில் சாட்சி சொன்னார். திரையில் தொமித்திலா நடந்துகொண்டிருந்தாள். சுவர் எந்தப் படத்திலும் இல்லை. அதே நேரம் என் போனுக்கு வென்செஸ்லாவோவிடமிருந்து ஒரு படம் வந்தது. சுவரின் பாதி உயரத்துக்குச் சேறு சாய்ந்திருந்தது. சுவர் நின்றிருந்தது. அதற்கு இந்தப் பக்கம், அறையின் திறந்த ஜன்னலுக்குள், தொமித்திலாவின் மகள் கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

போனை மார்லினிடம் நீட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அந்தச் சகோதரியோட இடது முழங்காலக் கர்த்தர் தொட்டார்" என்றார் டாட் மேடையில்.

"வலதும்தான்" என்று முணுமுணுத்தாள் மார்லின்.