இரண்டு கேமராக்களும் ஒரு தாடையும்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. முகப்படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்ட என் அக்காவுடையது. ஃபிலிமா, டிஜிட்டலா, எது உயர்ந்தது என்று ஒரு பத்திரிகைக் கட்டுரைக்காக அவளிடம் கேட்கப் போனேன். பதில் சொல்லாமல் இதைச் சொன்னாள். கட்டுரை அங்கேயே நின்றுபோனது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'மழை ஓய்ந்த ஒரு காலையில், விதியின்...'

(மழையும் இல்லை, விதியும் இல்லை. அடித்துவிட்டேன்.)

வந்தவர் பேருந்து ஓட்டும் அம்மாள். ஐம்பது வயது. தாடையில் கட்டி, மறுநாள் அறுவை சிகிச்சை. பாதித் தாடையை எடுத்துவிடுவார்கள்.

"இந்த மூஞ்சிய ஒரு தடவ ஒழுங்கா எடுத்துக் குடுத்துடும்மா."

அக்கா டிஜிட்டலில் எடுத்தாள். எடுக்க எடுக்க, பக்கத்துத் திரையில் படம் வந்து நின்றது. ஓட்டுநர் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தார். முகத்தைத் திருப்பினார், கன்னத்தைக் கையால் மறைத்தார். எண்பது படங்களில் எண்பது பேர்.

(அக்கா: "அளக்காதடா. அறுபதுதான்.")

3

திரையை அணைத்துவிட்டு அக்கா ஃபிலிம் கேமராவை எடுத்தாள். சுருளுக்குப் பன்னிரண்டே படம்.

"இதுல இப்பப் பாக்க முடியாதுங்க. கழுவணும்.* ஒரு வாரம் ஆகும்."

"அப்ப நான் பாக்குறப்போ எனக்கு வேற மூஞ்சி!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார், வீங்கிய கன்னம் முழுசாகத் தெரிய. அதன்பின் எதையும் மறைக்கவில்லை. பேருந்தின் கண்ணாடியில் இத்தனை வருடம் பார்த்த முகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டும் தீர்ந்தன.

* ஃபிலிமை மருந்தில் போட்டுப் படம் வரவைப்பதை, ஏதோ அழுக்கை நீக்கினால் முகம் வரும் என்பதுபோல, 'கழுவுவது' என்கிறோம். யார் முதலில் சொன்னார்களோ!

4

அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரம் கழித்து, நான் போன அன்றுதான் அக்கா அந்தப் படத்தை அச்சிட்டாள். என்னையும் இருட்டறைக்குள் விட்டாள். சிவப்பு விளக்கு. தட்டில் மருந்துத் தண்ணீர், அதில் ஒரு வெள்ளைத் தாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, பிறகு இரண்டு கண்கள். கண்களைச் சுற்றி ஒரு முகம். அப்போது உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு தாடை, தண்ணீருக்குள் முழுசாக வந்து சிரித்தது.

'அது ஒரு...' என்று தொடங்கிய வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.

"ஃபிலிம்தான் உசத்திக்கா."

"போடா. ரெண்டுலயும் ஒரே வெளிச்சம்தான். டிஜிட்டல்ல அவங்க பயம் இருக்கு, முடி முடியா. அதுவும் அவங்கதான்."

5

இரண்டு மாதம் கழித்து ஓட்டுநர் வந்தார். என் முதல் முடிவில் படத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். (பொய்.) இரண்டாவதில் கிழித்துப் போட்டார். (சினிமா.) அக்கா சொன்னது: ஃபிலிம் படத்தையும் டிஜிட்டல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்து, குழறிய குரலில், "இப்ப இத எடும்மா" என்றார்.

"எதுல எடுக்கட்டும்?"

விரலை நீட்டினார்.

எந்தக் கேமராவை நோக்கி என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அக்கணமே தெரியும் முகமா, ஒரு வாரம் காத்திருக்கும் முகமா? இன்னும் பழகாத ஒரு முகத்தோடு நீங்களே அங்கே உட்கார்ந்து பாருங்கள். அக்கா காத்திருக்கிறாள்; கையை நீட்டுங்கள்.